தமிழில் மருத்துவம் தந்த ஆசான்

அறிவியல் பயிலும் மாணவனுக்கு அறத்தை எங்ஙனம் கற்பிப்பது? நீதிநூல்களைப் படிப்பிக்கலாம். ஆசிரியரின் வாழ்வோ அவற்றினும் ஆழமாக உள்ளத்திற் பதியும். அத்தகைய ஆசான் ஒருவர், நாம் புகலடைந்த இந்த அமெரிக்க மண்ணிலிருந்து நமது யாழ்ப்பாணத்துக்குச் சென்றார். அவரே மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

மசாசுசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் 1822ஆம் ஆண்டு பிறந்த கிறீன், நியூயோர்க்கில் மருத்துவம் கற்றுத் தேறினார். 1847இல் அமெரிக்க மிஷனின் மருத்துவராக யாழ்ப்பாணத்தை அடைந்தார். அடுத்த ஆண்டே மானிப்பாயில் நோயாளரைப் பராமரித்தவாறு, உள்ளூர் இளைஞருக்கு மேனாட்டு மருத்துவத்தைக் கற்பிக்கலானார்.

தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே பாடம் நடைபெற்றது. ஆங்கிலத்திற் தேறியோர் உயர்ந்த சம்பளம் நாடி அரச சேவைக்குப் போவதையும், கிராமத்து ஏழைகள் மருத்துவரின்றி வாடுவதையும் கிறீன் கண்டார். இடையில் தாயகம் சென்று 1862இல் மீண்டவர், 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். தமிழிற் கற்றவர் தம் ஊரவரிடையே தங்கிப் பணிபுரிவர் என்பது அவர் துணிபு. மாணவர் தம் நாட்டு உடையையும் உணவையும் கைவிட்டு மேனாட்டாராக மாறுவதை அவர் விரும்பவில்லை.

நூல்கள் இன்றித் தமிழிற் கற்பிப்பது எங்ஙனம்? தாமே தமிழைக் கற்று, மாணவரின் துணையுடன் நூல்களை மொழிபெயர்த்தார். கலைச்சொற்களை முதலில் தமிழிலும், பின்னர் வடமொழியிலும் தேடினார்; கிடையாதவிடத்தே ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம் முதலியன இவ்வாறு வெளிவந்தன. அவரிடம் பயின்று மருத்துவரானோர் 60க்கும் மேற்பட்டோர்.

உடல்நலம் குன்றி 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் பணி ஓயவில்லை. வூஸ்டரில் இருந்தவாறே தமிழ் மருத்துவ நூல்களைச் செப்பனிட்டார். அவருடைய மாணவர் சாப்மன் மொழிபெயர்த்த கெமிஸ்தம் 1875இல் வெளியாயிற்று. 1884இல் கிறீன் மறைந்தார். தமிழருக்கு மருத்துவப் பணி செய்தவர் என்பதே அவர் கல்லறையிற் பொறிக்கப்பட்ட சிறப்பு.

மாணவச் செல்வங்களே! உங்களுட் பலர் நாளை மருத்துவராகவும் பொறியியலாளராகவும் திகழ்வீர்கள். கற்ற கல்வி யாருடைய துயரைத் தீர்க்கப் போகிறது என்று உங்களை நீங்களே கேளுங்கள். இர்விங்கில் தமிழ் பயிலும் உங்களுக்கு, பிறர் துயர் தீர்க்கப் பிறர் மொழியைக் கற்ற அப்பெரியார் ஒரு நல்வழிகாட்டி.