நீரிற் கண்ட தன் உருவம்

திருவள்ளுவர் பொருட்பாலிலே 'வலியறிதல்' என ஓர் அதிகாரம் வகுத்தார். அரசன் ஒரு வினையிலே தலைப்படுமுன் தன் வலியை அளந்தறிதல் வேண்டும் என்பது அதன் கருத்து. அரசனுக்குப் படையும் பொருளும் துணையும் கண்முன்னே நிற்பன; அவற்றை எண்ணிப் பார்த்தல் கூடும். இவை ஒன்றுமில்லாத ஓர் ஏழைச் சிறுவன் தன் வலியை எதனைக் கொண்டு அளப்பான்? நெடுங்காலம் தமிழ் படிப்பித்து வரும் எனக்கு இவ்வினா அடிக்கடி எழுவதுண்டு. விடை தேடும்போதெல்லாம் என் நினைவில் வந்து நிற்பவர் டென்மார்க் தேசத்திலே பிறந்து, உலகத்துச் சிறுவர்க்கெல்லாம் கதை சொன்ன ஹான்ஸ் கிறிஸ்ரியன் அண்டர்சன் ஆவார்.

அண்டர்சன் 1805 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 2 ஆந் திகதி ஓடென்சே என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் சப்பாத்துத் தைப்பவர். தாயார் ஆற்று நீரிலே நின்று பிறர் உடை வெளுத்துப் பிழைத்தவர். எழுத்து வாசனை அறியாதவர். தந்தையாருக்குப் படிப்பிலே தீராத ஆசை. மகனுக்கு 'ஆயிரத்தொரு இரவுகள்' கதைகளைப் படித்துக் காட்டினார். பாவைக்கூத்து ஆடுதற்குச் சிறு மேடை ஒன்றுஞ் செய்து கொடுத்தார். பாட்டியார் ஓர் ஆதுலர்சாலைத் தோட்டத்திலே வேலை செய்தார். அங்கே நூல் நூற்றுக்கொண்டிருந்த கிழவியர் நாட்டுப் பழங்கதைகளைச் சொல்ல, சிறுவர் அருகிருந்து கேட்டார். நெப்போலியன் காலப் போரிலே படைவீரராய்ச் சேர்ந்த தந்தையார் உடல்நலங் கெட்டு மீண்டு, 1816 இல் இறந்தார். மகனுக்கு அப்போது வயது 11.

தம்மிடத்திலே ஏதோ ஓர் ஆற்றல் உண்டு என்பதை அச்சிறுவர் உணர்ந்திருந்தார். அஃது இன்னது என்பதை மாத்திரம் அறிந்திலர். 1819 இல், 14 வயதிலே, சிறிது பணத்தோடு தனியே தலைநகராகிய கொப்பன்ஹேகனுக்குப் புறப்பட்டார். நாடக அரங்கிலே புகழ் பெறவேண்டும் என்பதே நோக்கம். நடிகராக முயன்றார், அரங்கத்தார் ஏற்கவில்லை. சிபோனி என்னும் இத்தாலியப் பாடகர் இரங்கி இசை பயிற்றினார். சில மாதங்களிலே குரல் உடைந்தது. நடனம் பயின்றார், நெடிய கையுங் காலும் அதற்கு இசையவில்லை. நாடகம் எழுதி அரங்கத்துக்கு அனுப்பினார்; எழுத்துப் பிழைகள் மலிந்த அவ்வேட்டைத் திருப்பி அனுப்பினர். மூன்றாண்டுகளுள் இத்தனை கதவுகளும் அடைபட்டன.

ஆயினும் அரங்கத்தின் ஆட்சியாளருள் ஒருவராகிய யோனாஸ் கொலின் என்பவர் இவ்விளைஞரிடத்தே ஒரு பொறியைக் கண்டார். அரசரிடம் சொல்லி உதவிப் பணம் பெற்று, 1822 இல் ஸ்லகெல்ஸே என்னும் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். 17 வயது நிரம்பிய நெட்டையர், 11, 12 வயதுச் சிறுவரோடு ஒரே வாங்கிலே அமர்ந்து இலத்தீனும் இலக்கணமும் கற்றார். தலைமையாசிரியர் மைஸ்லிங் கல்வியிலே வல்லவர், நாவிலே கொடியவர். மாணாக்கர் முன்னிலையிலே அண்டர்சனை எள்ளி நகையாடினார். கவிதை எழுதலாகாது எனத் தடையும் விதித்தார்.

அத்தடையை மீறி 1826 இல் அண்டர்சன் ஒரு சிறு கவிதை எழுதினார். இறக்குந் தறுவாயிலுள்ள ஒரு குழந்தை தாயைப் பார்த்துப் பேசுவதாக அமைந்தது அது. குழந்தை இறப்பதைப் பெரியோர் பாடிய பாடல்கள் முன்னும் உண்டு. இறக்கும் குழந்தையே தன் வாயாற் பேசுவதாகப் பாடியதே அவர் செய்த புதுமை. தலைமையாசிரியர் அதனை இகழ்ந்தார். 1827 இல் கொலின் அவரை அத்தலைமையாசிரியரிடமிருந்து விடுவித்தார். அவ்வாண்டிலேயே கவிதை அச்சேறிப் பலர் உள்ளத்தைக் கவர்ந்தது. குழந்தையின் கண்ணாற் கண்டு குழந்தையின் நாவாற் பேசுதல் என்னும் அவருடைய தனி ஆற்றல் முதன்முதல் வெளிப்பட்ட இடம் இதுவே என்பது என் துணிபு. அவரோ அதனை அப்போது உணர்ந்திலர். பயண நூல், நாடகம், நாவல் எனப் பெரியோர் மதிக்கும் துறைகளையே நாடினார்.

அக்காலத்தில் அவர் நண்பர் வீடுகளுக்கு விருந்தாகச் செல்வார். அங்குள்ள சிறுவர் அவரைச் சூழ்ந்துகொள்வர். அவர் கதை சொல்வார். சொல்லும்போதே கத்தரிக்கோலாற் கடதாசியை வெட்டிக்கொண்டிருப்பார். கதை முடிய மடிப்பை விரித்தால் அன்னமும் அரண்மனையும் நடனமாதரும் தோன்றுவர். கொலினுடைய மகன் எட்வாட் பின்னாளில் எழுதிய நினைவுரைகளிலே இதனை விரித்துரைத்தார். வண்டி புறப்பட்டது என ஒரு சொல்லிலே சொல்லி அமையாமல், விடைபெறுவோர் கூச்சலும் சாட்டையின் ஒலியும் கேட்குமாறு கதை சொல்வாராம். தீலே என்னும் அறிஞருடைய சிறு மகள் ஈடாவுக்கு இவ்வாறு சொன்ன பூக்களின் கதையும் வேறு மூன்று கதைகளும் 1835 மே மாதத்திலே ஒரு சிறு நூலாக வெளிவந்தன.

நூலைக் கண்ட விமரிசகர் சிலர் முகஞ் சுளித்தனர். எழுத்து நடையை விட்டுப் பேச்சு நடையிலே எழுதியமை ஒரு குற்றம். சிறுவர்க்கு வேண்டிய நீதி இல்லாமை மற்றொரு குற்றம். இத்தகைய சிறு முயற்சியிலே காலத்தை வீணாக்கலாகாது என அறிவுரை கூறினாரும் உளர். மின்சாரத்துக்கும் காந்தத்துக்குமுள்ள தொடர்பை 1820 இல் கண்டறிந்த விஞ்ஞானி ஊர்ஸ்ரெட் மாத்திரம் வேறு கருத்துடையவராயிருந்தார். அவ்வாண்டிலே வெளிவந்த நாவல் அண்டர்சனுக்குப் புகழைத் தரும். இச்சிறு கதைகளே அழியாத பெயரைத் தரும் என அவர் கருதினார். அவர் கருதியவாறே நடந்தது.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். அரங்கிலே தோற்ற நடிப்பு, உடைந்த குரல், கைகூடாத நடனம், தந்தையார் செய்து கொடுத்த பாவை மேடை, கிழவியர் கதைகள் யாவும் அக்கதைகளிலே வந்து கூடின. தகரத்தாற் செய்த போர்வீரனும் ஊசியுந் தேநீர்க் கெண்டியும் அங்கே பாவைகள்போல எழுந்து ஆடிப் பேசுகின்றன. பள்ளிக்கூடத்திலே குறையென ஒதுக்கப்பட்ட பேச்சோசையே அவர் நடையின் உயிராயிற்று. தாம் இழந்தவை எனக் கருதிய அனைத்தும் தம்மிடத்திலேயே இருந்தன என்பதைக் கதை எழுதியபோதே அவர் கண்டார்.

1837 இல் வெளிவந்த 'அரசரின் புத்தாடை' என்னும் கதை இதற்கு ஒரு சான்று. வஞ்சகர் நெய்த இல்லாத ஆடையை அரசர் அணிந்து ஊர்வலம் வருகின்றார். எல்லோரும் ஆடையைப் புகழ்கின்றனர். முதலில் எழுதியபடி கதை இந்த அளவிலே முடிந்திருந்தது. அச்சுக்குப் போன பின்னரே, உண்மையை உரைக்கும் ஒரு குழந்தையைக் கூட்டத்தினுள்ளே புகுத்தி முடிவை மாற்றினார். அக்குழந்தையின்றி அக்கதையை இன்று யார் நினைப்பார்?

1843 நவம்பரிலே வெளிவந்தது 'அழகற்ற வாத்துக்குஞ்சு'. வாத்துக்கூட்டத்திலே பொரித்த அன்னக்குஞ்சு ஒன்று எல்லோராலும் கொத்துண்டு அலைகின்றது. ஒரு கிழவியின் குடிசையிலே பூனையும் கோழியும் அதனைச் சோதிக்கின்றன. முட்டையிட வருமா என்பது கோழியின் கேள்வி. முதுகை வளைத்துக் கூனிக்க வருமா என்பது பூனையின் கேள்வி. இரண்டுக்கும் இல்லை என்பதே விடை. நீந்துதலை அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அக்குடிசையிலே நீர் இல்லை. பல பரீட்சைகளை நடத்தியும் பல பரீட்சைகளைக் கண்டும் வந்த எனக்கு, இவ்விடத்தை வாசிக்கும்போதெல்லாம் நெஞ்சு சற்றே திடுக்கிடும். ஈற்றிலே, கொல்லப்படுதற்குத் தலை குனிந்த அக்குஞ்சு குனிந்த இடத்து நீரிலே தன் உருவத்தைக் காண்கின்றது. தான் அன்னம் என்று அறிகின்றது.

அன்னத்தின் முட்டையிலே பிறந்தது அன்னமாதல் இயல்பு, இதிலே முயற்சிக்கு இடமெங்கே என வினவுவார் உளர். வினா தக்கதே. ஆயினும் அன்னமாயிருத்தல் வேறு, அன்னமென அறிதல் வேறு. அறிதற்கு நீர் வேண்டும். அண்டர்சனுக்கு அந்நீராய் அமைந்தது எழுத்து. தம் துன்பத்தை நேரே சொல்லியிருந்தால் அது முறையீடாய் முடிந்திருக்கும். ஒரு குஞ்சின்மேல் ஏற்றிச் சொன்னமையால், அதனைத் தூரத்தே நின்று நோக்கவும், நோக்கி நகைக்கவும், பொறுக்கவும் அவரால் இயன்றது. அவருடைய தாயார் இளமையிலே பிச்சைக்கு அனுப்பப்பட்டு, ஒருவரும் ஒன்றுங் கொடாமையாற் பாலத்தின் கீழிருந்து அழுதவர். அந்நினைவு 1845 இல் 'தீப்பெட்டிச் சிறுமி'யின் கதைக்கு உரமாயிற்று. வறுமைக்கு நாணிய சிறுவர், அவ்வறுமையையே இரக்கமாக மாற்றும் வலி தமக்குண்டு என அறிந்தது இவ்வாறே.

கதை எழுதியமையால் அவருடைய குறைகளெல்லாம் நீங்கின எனச் சொல்லுதல் பொய்யாகும். எழுத்துப் பிழை இறுதிவரை அவரை விட்டகலவில்லை. தீக்கு அஞ்சிப் பயணங்களிலே கயிறு கொண்டு திரிந்தார். 1857 இல் சாள்ஸ் டிக்கன்ஸ் வீட்டிலே ஐந்து வாரம் தங்கியிருந்த காலத்தில், தம் நூலைக் குறைகூறிய ஒரு மதிப்புரையைக் கண்டு புற்றரையிலே விழுந்து அழுதார். மணஞ் செய்யாமல் தனியராகவே வாழ்ந்தார். தன் வலியறிதல் மெலிவை ஒழிப்பதன்று. மெலிவோடு வாழ்தற்கு ஒரு பிடிப்பைத் தருவது. அப்பிடிப்பைக் கொண்டு அவர் 150 க்கு மேற்பட்ட கதைகளை எழுதினார். 1867 டிசெம்பரிலே ஓடென்சே நகரம் விளக்கேற்றி அவரைக் கௌரவித்தது. 1875 ஓகஸ்ற் 4 ஆந் திகதி அவர் இறந்தார். அவர் பிறந்த ஏப்ரல் 2 ஆந் திகதி 1967 முதலாகச் சர்வதேசச் சிறுவர் நூல் தினமாகக் கொண்டாடப்பட்டு வருகின்றது.

இலக்கண வரம்பைக் காத்தலையே தொழிலாகக் கொண்ட நான் இவரைப் புகழ்தல் சிலருக்கு வியப்பாகலாம். வயலுக்கு வரம்பு வேண்டும். அது நீரைத் தேக்குதற்கு. நீர் வருமுன்னே வாய்க்காலை அடைத்துவிட்டு வரம்பை மாத்திரம் உயர்த்தினால் விளைவது யாது? கட்டுரைப் பாடத்திலே 'ஒரு மழை நாள்' என எழுதச் சொன்னால், மாணாக்கர் பலர் மனனஞ் செய்த வாக்கியங்களையே அடுக்குவர். அவர்களுள்ளே ஒருவனை அழைத்து, மழை பெய்த இரவிலே உன் வீட்டில் நடந்தது யாது, உன் பாட்டியார் என்ன கதை சொன்னார் எனக் கேட்டால், அதுவரை வாய் திறவாதவன் சொல்லத் தொடங்குவான். ஒருவனிடத்தே நுணுகி நோக்குங் கண் தோன்றும். ஒருவனிடத்தே நகைச்சுவை தோன்றும். ஒருத்தியிடத்தே பிறர் துயரை ஆற்றும் நெஞ்சு தோன்றும். இவர்களெல்லாம் எழுத்தாளர் ஆகவேண்டுவதில்லை. வைத்தியராயினும் வணிகராயினும் கமக்காரராயினும் இவ்வாற்றல்கள் அவர்களுக்கு உதவும்.

ஆகவே பெற்றாருக்கும் என்னை ஒத்த ஆசிரியர்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. பிள்ளை கதை சொல்லும்போது முடிவுவரை கேளுங்கள். எழுதிக் கொண்டுவந்தால், சிவப்பு மையைத் தொடுமுன் ஒருமுறை முழுவதும் வாசியுங்கள். பிழைகளை அதன்பின்னே திருத்தலாம்; அதற்குக் காலம் நிரம்ப உண்டு.