வேலைப் புகழ்ந்த ஒளவையார்

எதிரியைச் சிரித்த முகத்தோடு கேலி செய்வதில் வல்லவர், சங்க காலப் புலவர் ஒளவையார்.

தகடூர் மன்னன் அதியமான் அவருடைய நண்பன். கிடைப்பதற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் அவருக்குக் கொடுத்தவன். அவன் கோவலூரை வென்றான். இன்றைய திருக்கோவிலூர்தான் அது. அந்த வெற்றியை ஒளவையார் பாடினார்.

காஞ்சியை ஆண்ட தொண்டைமானிடம் அவர் தூது போனார். தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைக் காட்டினான். வேல்கள் மயிற்பீலியும் மாலையும் சூடி, நெய் பூசிப் பளபளத்தன.

ஒளவையார் அவற்றைப் புகழ்ந்தார். அதியமானின் வேல்களோ நுனி முறிந்து, கொல்லன் பட்டறையில் கிடப்பதாகச் சொன்னார்.

போருக்குப் போகாத வேல்தானே பளபளக்கும்! புறநானூற்றின் 95-ஆம் பாட்டு இது.

பிறகு ஒரு போரில், வேல் பாய்ந்து அதியமான் இறந்தான். வேலை வைத்துக் கேலி பேசியவர், அந்த வேலை நினைத்து அழுது பாடினார்.