வீடே பள்ளி, தந்தையே ஆசான்

உரைநடை உலகம்

நுழையும்முன்

குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிப்பது என்று பெற்றோர் முடிவெடுக்கும்போது, பாடங்களுக்கு மட்டுமன்றி அக்குழந்தையின் விளையாட்டு, நட்பு, உணர்வு ஆகிய அனைத்திற்கும் அவர்களே பொறுப்பேற்கின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தலைசிறந்த சிந்தனையாளர்களுள் ஒருவராக விளங்கிய ஜான் ஸ்டூவர்ட் மில், அத்தகைய வீட்டுக்கல்வியில் உருவானவர். அக்கல்வி தமக்கு அளித்தவற்றையும் அளிக்கத் தவறியவற்றையும் ஒளிவுமறைவின்றி எழுதிவைத்தவர். அவருடைய வாழ்வை அறிவோம்.

ஒரே மேசையில் இருவர்

இலண்டன் மாநகரில் ஒரு வீடு. மேசையின் ஒருபுறம் தந்தை அமர்ந்து பெரிய நூலொன்றை எழுதிக்கொண்டிருக்கிறார். மறுபுறம் அவருடைய மகன் கிரேக்க மொழியைப் படித்துக்கொண்டிருக்கிறான். கிரேக்கச் சொற்களுக்கு ஆங்கிலத்தில் பொருள் கூறும் அகராதி அக்காலத்தில் இல்லை. இலத்தீன் மொழியில் பொருள் கூறும் அகராதிகளே இருந்தன. சிறுவனோ இலத்தீன் கற்கத் தொடங்கவில்லை. ஆகவே, அறியாத சொல் எதிர்ப்படும்போதெல்லாம் தந்தையிடமே கேட்கிறான். இயல்பாகவே பொறுமை குறைந்தவரான அத்தந்தை, ஒவ்வொரு முறையும் தம் எழுத்தை நிறுத்திப் பொருள் கூறுகிறார்.

அத்தந்தையின் பெயர் ஜேம்ஸ் மில். அவர் எழுதிக்கொண்டிருந்தது பிரிட்டிஷ் இந்தியாவின் வரலாறு. அந்நூல் நிறைவெய்த ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. நூல் வளர்ந்த மேசையிலேயே மகனும் வளர்ந்தார். அம்மகனே ஜான் ஸ்டூவர்ட் மில்.

தந்தையின் முடிவு

ஜேம்ஸ் மில் ஸ்காட்லாந்தில் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். கல்வியால் உயர்ந்து, 1802ஆம் ஆண்டு இலண்டனுக்கு வந்து, இதழ்களுக்கு எழுதிக் கிடைத்த வருவாயில் வாழ்ந்தார். அவருக்கும் ஹாரியட் பர்ரோவுக்கும் பிறந்த ஒன்பது குழந்தைகளுள் மூத்தவராக, 1806ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் ஜான் ஸ்டூவர்ட் மில் பிறந்தார்.

மனிதரிடையே காணப்படும் அறிவு வேறுபாடுகளுக்குப் பெரும்பான்மையும் வளர்ப்பும் பயிற்சியுமே காரணம் என்பது ஜேம்ஸின் உறுதியான கருத்து. குழந்தையின் இளமைக்காலம் பள்ளிகளில் பயனின்றிக் கழிவதாக அவர் எண்ணினார். பிற சிறுவர்களின் பழக்கங்களும் தாழ்ந்த எண்ணங்களும் மகனைப் பற்றிவிடும் என்றும் அஞ்சினார். எனவே, மகனைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை என்று முடிவு செய்தார். நிலையான ஊதியம் இல்லாத நிலையிலும், பெரிய குடும்பத்தின் சுமைக்கு நடுவிலும், பெரும்பாலும் நாள்தோறும் தம் நேரத்தில் கணிசமான பகுதியைக் கல்வி கற்பிப்பதற்கு ஒதுக்கினார். எளிதில் எவரும் செய்ய இயலாத ஈகை அது.

கற்பித்த முறை

மில் மூன்றாம் வயதில் கிரேக்கம் கற்கத் தொடங்கினார். அட்டைகளில் கிரேக்கச் சொற்களையும் அவற்றின் ஆங்கிலப் பொருளையும் தந்தை எழுதித் தந்தார். ஈசாப் கதைகளே அவர் கிரேக்கத்தில் படித்த முதல் நூல். எட்டாம் வயதிற்குள் ஹெரோடோட்டஸின் வரலாற்றையும் பிளேட்டோவின் உரையாடல்கள் ஆறினையும் மூலமொழியிலேயே படித்திருந்தார். எட்டாம் வயதில் இலத்தீன், பன்னிரண்டாம் வயதில் அளவையியல், பதின்மூன்றாம் வயதில் பொருளியல் என்று பாடங்கள் வளர்ந்தன.

காலை உணவுக்கு முன் தந்தையும் மகனும் பசுமையான பாதைகளில் நெடுந்தொலைவு நடப்பர். முந்தைய நாள் படித்த நூலிலிருந்து சிறு தாள்களில் குறித்துவைத்த செய்திகளைப் பார்த்து, மகன் தந்தைக்கு எடுத்துரைப்பார். பொருளியலைக் கற்பித்தபோது இம்முறை சற்றே மாறியது. நடக்கும்போது தந்தை விளக்குவார். மறுநாள் மகன் அதனை எழுதிக் காட்டவேண்டும். தெளிவும் முழுமையும் கைகூடும்வரை மீண்டும் மீண்டும் எழுதவேண்டும். அக்குறிப்புகள், தந்தை பின்னர்ப் பொருளியல் பற்றி எழுதிய நூலுக்கே துணையாயின.

மனப்பாடத்தை ஜேம்ஸ் விரும்பவில்லை. சிந்தித்துக் கண்டறியக்கூடிய எதனையும் மகன் முயன்று தோற்கும்வரை அவர் சொல்லித் தரமாட்டார். ஒருமுறை, எண்ணம் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லை மகன் பேச்சிடையே பயன்படுத்தினார். உடனே அச்சொல்லுக்கு வரையறை கூறுமாறு தந்தை கேட்டார். மகனால் இயலாதபோது சினந்தார். பொருள் அறியாத சொல்லைக் கையாளக்கூடாது என்னும் பாடம் மகனின் நெஞ்சில் ஆழப் பதிந்தது. பிற்காலத்தில் அளவையியலில் பெருநூல் படைத்த அறிஞருக்கு அடித்தளம் இட்டவை இத்தகைய நாள்களே.

எட்டாம் வயது முதல் மில்லுக்கு மற்றொரு பொறுப்பும் சேர்ந்தது. தாம் கற்றவற்றைத் தம்பி தங்கையருக்குக் கற்பிக்கவேண்டும். அவர்கள் பாடத்தில் தவறினால் அதற்கு அவரே பொறுப்பு. அப்பணியை அவர் விரும்பவில்லை. எனினும், பிறருக்குக் கற்பிக்க முற்பட்டதால் தாம் கற்றது உறுதிப்பட்டது என்பதை ஒப்புக்கொண்டார்.

விடுபட்ட பாடங்கள்

உழைக்கும் பழக்கம் தடைபடும் என்று கருதி, ஜேம்ஸ் மகனுக்கு விடுமுறை அளிக்கவில்லை. ஒத்த வயதுத் தோழர்களும் இல்லை. உடலால் ஆடும் விளையாட்டுகளும் இல்லை. கைத்திறன் வேண்டும் சிறு செயல்களிலும் மில் தடுமாறினார். அன்றாட வாழ்வின் எளிய செயல்களில் மகன் கவனமின்றி இருப்பதைக் கண்டு தந்தை கடிந்துகொண்டார். ஆயின், அத்திறன்கள் வளர்வதற்கான வாய்ப்பை அவர் ஏற்படுத்தித் தரவில்லை.

அவ்வீட்டில் அறிவுக்கு இருந்த இடம் அன்பின் வெளிப்பாட்டிற்கு இல்லை. உணர்ச்சிகளை வெளிக்காட்டுவதற்கு ஜேம்ஸ் நாணினார். மூத்த மகனுக்குத் தந்தைமீது மதிப்பு இருந்தது. அதனோடு அச்சமும் இருந்தது. ஒன்பது குழந்தைகளைப் பேணிய அன்னையைப் பற்றி, மில்லின் தன்வரலாறு ஏறக்குறைய ஒன்றுமே கூறவில்லை. அந்த மௌனமும் அவ்வீட்டின் இயல்பைக் காட்டுகிறது.

தாம் பிறரைவிட மிகுதியாகக் கற்றவர் என்பதைச் சிறுவயதில் மில் அறியவில்லை. பிறர் புகழ்வது செவியில் விழாதவாறு தந்தை காத்துவந்தார். பதினான்காம் வயதில் மகன் பிரான்சுக்குப் புறப்படும் முன், ஹைடு பூங்காவில் அவரை அழைத்துச்சென்று ஓர் உண்மையைக் கூறினார். பிற இளைஞர் அறியாத பலவற்றை நீ அறிந்திருப்பதைக் காண்பாய். அது உன் சிறப்பன்று, கற்பிக்கும் ஆற்றலும் விருப்பமும் உடைய தந்தை வாய்த்த நற்பேறு என்பது அவ்வறிவுரையின் கருத்து. செருக்கு தலையெடுக்கும் முன்பே அதனை வேரறுத்த அறிவுரை அது.

பிரான்சில் ஓராண்டுக்கு மேல் மில் தங்கியிருந்தார். மெய்யியலறிஞர் ஜெரமி பெந்தாமின் தம்பி குடும்பம் அவரைப் பேணியது. பிரெஞ்சு மொழியோடு நடனம், குதிரையேற்றம், வாட்பயிற்சி ஆகியவற்றிலும் பாடங்கள் பெற்றார். பிரனீசு மலைகளின் எழில் அவருடைய உள்ளத்தைக் கவர்ந்தது. வீட்டிற்கு வெளியே விரிந்த முதல் வகுப்பறை அதுவே.

இருள் சூழ்ந்த காலம்

1823ஆம் ஆண்டு, பதினேழாம் வயதில், தந்தை பணியாற்றிய கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் அலுவலகத்தில் மில் எழுத்தராகச் சேர்ந்தார். அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதில் கட்டுரைகள் எழுதினார். நண்பர்களுடன் விவாதக் கூட்டங்கள் நடத்தினார். உலகைச் சீர்திருத்துவதே தம் வாழ்வின் குறிக்கோள் என்று கொண்டார்.

1826ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அவ்வாழ்வு திடீரென்று நிலைகுலைந்தது. தாம் விரும்பும் சீர்திருத்தங்கள் அனைத்தும் இக்கணமே நிறைவேறினால் தமக்கு மகிழ்ச்சி உண்டாகுமா என்று தம்மையே வினவினார். இல்லை என்றது அவருடைய உள்ளம். அன்றுமுதல் எதிலும் சுவை இல்லை; நூல்களும் ஆறுதல் தரவில்லை. பணிகளை இயந்திரம்போலச் செய்துவந்தார். இத்துயரை யாரிடம் கூறுவது? தந்தையிடம் கூறலாம் என்னும் எண்ணமே அவருக்கு எழவில்லை. அக்கல்வியை வகுத்தவர் தந்தை. அது இவ்வாறு முடியக்கூடும் என்று அவர் கருதியதே இல்லை. எல்லா ஐயங்களையும் கேட்டுத் தெளிந்த அதே மனிதரிடம் இந்த ஓர் ஐயத்தை மட்டும் மகனால் கேட்க முடியவில்லை. வீட்டுக்கல்வியின் மிகப்பெரிய குறை அந்தத் தயக்கத்தில் வெளிப்பட்டது.

ஆராய்ந்து பகுக்கும் பழக்கம் மட்டுமே வளர்ந்து, உணர்வு வளராமல் போனதே தம் துயருக்குக் காரணம் என்று மில் உணர்ந்தார். ஒருநாள் பிரெஞ்சு எழுத்தாளர் மார்மொந்தெலின் வாழ்க்கைக் குறிப்புகளைப் படித்தார். தந்தையை இழந்த சிறுவன், குடும்பத்திற்கு இனித் தானே துணையாவேன் என்று உறுதிகொள்ளும் பகுதியில் மில்லின் கண்கள் கலங்கின. தம் நெஞ்சம் வறண்டுவிடவில்லை என்று அக்கண்ணீர் அவருக்கு உணர்த்தியது. 1828ஆம் ஆண்டு வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகளைப் படித்தபோது, இயற்கையிலும் எளிய மனித உணர்விலும் நிலையான மகிழ்ச்சி உண்டு என்று கண்டார். தந்தை கற்பிக்காத பாடத்தைக் கவிதை கற்பித்தது.

இந்தியாவும் வீட்டுப் பாடமும்

கம்பெனி அலுவலகத்தில் மில் 1858 வரை 35 ஆண்டுகள் பணியாற்றினார். இந்தியாவுக்கு அனுப்பப்படும் ஆணைமடல்களை வரைவதே அவருடைய பணி. தந்தையைப் போலவே அவரும் இந்திய மண்ணை மிதித்ததில்லை. இந்தியாவைக் காணாமலும் இந்திய மொழிகளை அறியாமலும் தந்தை எழுதிய வரலாறு, இந்தியரின் பண்பாட்டைத் தாழ்த்தி மதிப்பிட்டது. அந்நூலின் அச்சுப்படிகளைத் திருத்தும் பணியில் சிறுவயதிலேயே மில் துணைநின்றவர். பிறர் கருத்துகளையெல்லாம் ஆராயக் கற்றவர், வீட்டிலேயே கற்ற இம்மதிப்பீட்டிலிருந்து முழுமையாக விடுபடவில்லை. விடுதலையைப் போற்றிய அவர், இந்தியர் தம்மைத் தாமே ஆளும் காலம் இன்னும் வரவில்லை என்றே கருதினார். பெற்றோர் கற்பிக்கும்போது அவர்தம் அறிவோடு சார்புகளும் சேர்ந்தே பிள்ளைகளைச் சென்றடையும் என்பதற்கு இது சான்று.

எனினும், ஓரிடத்தில் அவர் தந்தையின் வழியிலிருந்து விலகினார். இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்கே அரசு பொருளுதவி செய்யவேண்டும் என்னும் மெக்காலேயின் கொள்கையை எதிர்த்து, 1836ஆம் ஆண்டு ஒரு மடலை வரைந்தார். கீழைமொழிக் கல்வியை ஆதரித்த அம்மடல் மேலிடத்தின் ஒப்புதல் பெறாமையால் அனுப்பப்படவில்லை.

எழுத்தும் செயலும்

1851ஆம் ஆண்டு மில் ஹாரியட் டெய்லரை மணந்தார். தம் சிந்தனைகளில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு என்று மில் போற்றினார். 1858ஆம் ஆண்டு பிரான்சின் அவிஞ்ஞோன் நகரில் ஹாரியட் மறைந்தார். மறு ஆண்டு வெளிவந்த ‘சுதந்திரம்’ பற்றிய நூலை மில் அவருடைய நினைவுக்கே உரித்தாக்கினார்.

அந்நூலில் கல்வி குறித்தும் மில் ஆராய்ந்தார். குழந்தைக்குக் கல்வி அளிப்பது பெற்றோரின் நீங்காக் கடமை. அக்கடமை நிறைவேறுவதை அரசு உறுதிசெய்யவேண்டும். வறியோரின் கல்விக் கட்டணத்திற்கு அரசு உதவவேண்டும். ஆனால், கல்வி முழுவதையும் அரசே தன் கையில் வைத்துக்கொண்டால் மனிதர் அனைவரும் ஒரே அச்சில் வார்க்கப்படுவர் என்று எச்சரித்தார். எங்கு, எவ்வாறு கற்பிப்பது என்பதைப் பெற்றோர் தெரிவு செய்யலாம். குழந்தை உண்மையில் கற்றிருக்கிறதா என்பதைப் பொதுத் தேர்வுகள் காட்டவேண்டும் என்பது அவர் கண்ட வழி. பெற்றோரின் உரிமையையும் குழந்தையின் உரிமையையும் ஒருங்கே எண்ணிப்பார்த்த முடிவு இது.

1865ஆம் ஆண்டு அவர் நாடாளுமன்ற உறுப்பினரானார். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டி ஏறத்தாழ 1,500 பெண்கள் ஒப்பமிட்ட விண்ணப்பத்தை மறு ஆண்டு மன்றத்தில் அளித்தார். 1867இல் அவர் கொண்டுவந்த திருத்தத்திற்கு 73 பேர் ஆதரவும் 196 பேர் எதிர்ப்பும் தெரிவித்தனர். தோற்றாலும் அம்முயற்சி ஒரு நெடும் போராட்டத்தின் தொடக்கமாயிற்று. 1873ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் அவிஞ்ஞோனில் மறைந்த மில், மனைவியின் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

நடுநிலையான கணக்கு

மில் மறைந்த அவ்வாண்டிலேயே அவருடைய தன்வரலாறு வெளிவந்தது. தம் இயற்கையான ஆற்றல் சராசரிக்கும் கீழானதே என்றும், தக்க பயிற்சி வாய்த்தால் சராசரி ஆற்றலும் உடல்நலமும் உள்ள எந்தக் குழந்தையும் தம்மைப் போலவே கற்க இயலும் என்றும் அதில் எழுதினார். தந்தையின் கல்வியால், ஒத்த வயதினரைவிடக் கால் நூற்றாண்டு முன்னதாகவே வாழ்வைத் தொடங்கியதாகக் கணக்கிட்டார். அதே நூலில் தம் அச்சத்தையும் தனிமையையும் இருண்ட நாள்களையும் மறைக்காமல் பதிவு செய்தார்.

தந்தையை அவர் தெய்வமாக்கவும் இல்லை, குற்றவாளியாக்கவும் இல்லை. எழுத்தை நிறுத்திவிட்டுச் சொல்லுக்குப் பொருள் கூறிய கைக்கு நன்றி செலுத்தினார். அணைக்கத் தயங்கிய கையையும் குறித்துவைத்தார். கல்வி நிகழும் இடம் வீடாயினும் பள்ளியாயினும், குழந்தையின் அறிவுக்கு வினா எழுப்பக் கற்றுத்தருவதோடு, தன் துயரைச் சொல்லும் துணிவையும் அது தரவேண்டும். மில்லின் வாழ்வு பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உணர்த்தும் உண்மை இதுவே.

தெரிந்து தெளிவோம்

மில்லின் முதன்மையான நூல்களும் வெளிவந்த ஆண்டுகளும்: அளவையியல் முறைமை – 1843, அரசியல் பொருளாதாரக் கோட்பாடுகள் – 1848, சுதந்திரம் – 1859, பெண்களின் அடிமைநிலை – 1869, தன்வரலாறு – 1873.

கற்பவை கற்றபின்

1. தம்பி தங்கையருக்குக் கற்பித்ததால் தாம் கற்றது உறுதிப்பட்டதாக மில் கருதினார். நீங்கள் பிறருக்குக் கற்பித்துத் தெளிவுபெற்ற அனுபவத்தை ஒரு பக்க அளவில் எழுதுக.

2. வீட்டில் கற்பதால் விளையும் நன்மைகளும் பள்ளியில் கற்பதால் விளையும் நன்மைகளும் குறித்து வகுப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து உரையாடுக.

3. தன் துயரைத் தந்தையிடம் கூறத் தயங்கும் இளைஞர் ஒருவர் எழுதுவதாகக் கருதி, அவர் தந்தைக்கு ஒரு கடிதம் வரைக.