டாக்டர் எட்வர்டு லாரீ

நோவை நீக்கும் மருந்தே சிற்சில வேளைகளில் உயிரையும் போக்கிவிடுகின்றது. அஃது எவ்வழியாற் போக்குகின்றது என்று ஆராய்ந்து, பாதி உண்மையை முழு உண்மையெனக் கொண்டவர் டாக்டர் எட்வர்டு லாரீ.

1846-இல் பிறந்த இவர், எடின்பரோவில் வைத்தியம் பயின்று, இந்திய வைத்திய சேவையிற் சேர்ந்து, பின்னர் ஹைதராபாத்தில் ரெஸிடென்ஸி வைத்தியராக அமர்ந்தார். அந்நகர வைத்தியப் பள்ளியும் இவர் தலைமையிலேயே நடந்தது. அங்குப் பயின்ற பார்ஸி மங்கையாகிய ரூபா பாய் பர்தூன்ஜி, மயக்க மருந்து கொடுப்பதில் வல்லவராய்ப் பெயர் பெற்றார்.

1847-இல் குளோரோபாரம் வழக்கிற்கு வந்தது. மறு ஆண்டே இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்னும் 15 வயதுச் சிறுமி, கால் விரல் நகத்தை எடுப்பதற்காக அதனை முகர்ந்து, சில நிமிஷங்களில் மாண்டாள். முதலில் நிற்பது மூச்சா, இருதயமா என்னும் வாதம் அன்று எழுந்து, நெடுங்காலம் ஓயாதிருந்தது. மூச்சே முதலில் நிற்கும். அதனைக் கவனித்தாற் போதும். நாடியைப் பார்க்க வேண்டுவதில்லை என்பது எடின்பரோ மரபு. அதனையே லாரீயும் உறுதியாய்ப் பற்றினார்.

1888-இல் ஹைதராபாத்தில் முதல் ஆராய்ச்சிக் குழு அமைந்தது. அதன் முடிவை இலண்டன் வைத்தியர் பலர் ஐயுறவே, ஆறாம் நிஜாமாகிய மஹபூப் அலி கான் 1,000 பவுன் உதவ, 1889-இல் லாடர் பிரண்டன் என்னும் பேரறிஞர் நேரில் வந்து இரண்டாம் குழுவிற் கலந்துகொண்டார். நூற்றுக்கணக்கான பிராணிகள் சோதிக்கப்பட்டன. மூச்சே முதலில் நிற்கிறதென இரண்டாம் குழுவும் கூறிற்று. லாரீ வெற்றி கண்டார்.

ஆனால் 1911-இல் லெவி என்னும் ஆராய்ச்சியாளர், மயக்கம் மிகாது இலேசாயிருக்கும் நிலையிலேயே இருதயம் தாளந்தவறி நடுங்கித் திடீரென நின்றுவிடக் கூடும் என்று பூனைகளிற் காட்டினார். மருந்து மிகுந்தவிடத்து லாரீ கண்டது மெய்யே. எனினும், ஒரு வழியைக் கண்டவர் மற்றொரு வழியே இல்லையெனத் துணிந்தது பிழையாயிற்று. 1915-இல் அவர் காலமானார்.

குளோரோபாரம் வழக்கொழிந்துவிட்டது, அவ்வாழ்வு தரும் பாடம் ஒழியவில்லை. இன்று தாம்பரத்தில் ஒரு மாணவன் பல் எடுக்கச் சென்றால், ஈறு மரக்க லிக்னோகெயின் ஊசி இடுவர். அது மிகையாக இரத்தத்திற் கலந்தால், மூளையில் நரம்புகளை அடக்கிவைக்கும் ஆற்றல் முன்னர்த் தளர்ந்து, நாக்கு மரத்து, காது இரைந்து, வலிப்பு வரும். இன்னும் மிகுந்தால் இருதயமும் சோரும். ஆதலின் நல்ல வைத்தியர் எடைக்கேற்ப அளவிட்டு, ஊசிமுனை இரத்தக் குழாயுட் புகவில்லையெனத் தெளிந்து, மெல்லச் செலுத்துவர். மூச்சு, நாடி இரண்டையும் ஒருங்கே கவனிப்பர். கற்போராகிய நாமும், கண்டதைக் கூறும்பொழுது காணாததற்கும் சிறிது இடம் விட்டு வைப்போமாக.