எரிமலையை நோக்கிக் கப்பல் விட்டவர்

மூணாவது படிக்கிற என் தம்பிக்கு எரிமலைன்னா ஒரே வேடிக்கை. அதனால் அவனுக்கு மூத்த பிளினியின் கதையைச் சொன்னேன்.

பிளினி, ரோமானியக் கடற்படைத் தளபதி. இயற்கையைப் பற்றி 37 தொகுதிகள் எழுதிய அறிஞர். கி.பி. 79-இல் இத்தாலியின் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது, முதலில் கிட்டப் போய்ப் பார்க்கத்தான் கிளம்பினார். உதவி கேட்டுச் சேதி வந்ததும், மக்களைக் காப்பாற்றப் பெரிய கப்பல்களோடு போனார். சாம்பலும் கல்லும் மழையாய்க் கொட்டின. தலையில் தலையணையைக் கட்டிக்கொண்டு கடற்கரைக்கு வந்தவர், அங்கேயே மூச்சுத் திணறி இறந்தார்.

அவர் கூப்பிட்டும் போகாமல் வீட்டில் படித்துக்கொண்டிருந்த 17 வயது சகோதரி மகன் பிழைத்தார். பிற்காலத்தில் நடந்ததையெல்லாம் கடிதமாக எழுதினார். அத்தகைய வெடிப்புக்கு இன்றும் பிளினி வெடிப்பு என்றே பெயர்.

தம்பி இப்போ வேடிக்கைன்னு சொல்றதில்ல. எந்தப் பக்கம் ஓடணும்னு கேட்கிறான். எச்சரிக்கை வந்த உடனே கிளம்பிடணும்னு சொல்லியிருக்கேன்!

– 8-ஆம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு