முதிய தளபதியின் கையொப்பம்

ஹிண்டன்பர்க் என்றதும் நம்மில் பலருக்கு 1937-இல் தீப்பற்றி எரிந்த ஆகாயக் கப்பல்தான் நினைவுக்கு வரும். அந்தக் கப்பலுக்குப் பெயர் தந்த மனிதரைப் பற்றியே நான் எழுதப் புகுந்தேன். ஹிட்லரின் கதையைப் பாடத்திலேயே படித்துவிட்டோம். அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டவரின் கதை அதனினும் படிக்கத்தக்கது என்பது என் எண்ணம்.

பால் வான் ஹிண்டன்பர்க் 1847-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் போசன் நகரில் பிறந்தார். அன்று அது பிரஷ்யாவில் இருந்தது. இன்று போலந்தில் உள்ளது. 1866-இல் ஆஸ்திரியாவோடும் 1870-இல் பிரான்சோடும் போரிட்டுப் படிப்படியாய் உயர்ந்து, 1911-இல் ஓய்வு பெற்றார். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய வாழ்க்கை! முதல் உலகப்போர் அவரை மீண்டும் அழைத்தது. 1914 ஆகஸ்டில் டானென்பர்க் போரில் ரஷ்யப் படையொன்று அழிந்தது. திட்டத்தில் பெரும்பங்கு லூடன்டார்ஃபுக்கும் பிற அதிகாரிகளுக்கும் உரியது; புகழோ இவரைச் சேர்ந்தது.

1918-இல் ஜெர்மனி தோற்றது. போர்நிறுத்தம் கேட்கும்படி அரசை வற்புறுத்தியதே படைத்தலைமைதான். ஆயினும் மறு ஆண்டு நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் நின்ற இவர், படை களத்தில் தோற்கவில்லை, முதுகில் குத்தப்பட்டது என்ற கருத்தை விதைத்துவிட்டுப் போனார். குடியரசை அமைத்தவர்கள் துரோகிகள் என்று நாஜிகள் ஊர் ஊராய் முழங்கியபோது, இந்தப் பெரியவர் வழிமொழிந்த பொய்தான் அவர்களுக்குப் படைக்கலம் ஆயிற்று.

1925-இல், 77 வயதில், அவர் குடியரசுத் தலைவரானார். இரண்டாம் சுற்றில் வித்தியாசம் ஏறத்தாழ 9 லட்சம் வாக்குகள். விலக மறுத்த கம்யூனிஸ்ட் வேட்பாளர் தேல்மன் பெற்றவை 19 லட்சம்! உள்ளத்தில் முடியாட்சியை நேசித்த அவர், குடியரசின் அரசியல் சட்டத்தின் மீது ஆணையிட்டார். முதல் ஐந்தாண்டுகள் அந்த ஆணையை மீறவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பின்னர் பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. 1930 மார்ச்சில், வேலையற்றோர் காப்புறுதிக்கான சந்தாவை உயர்த்துவதில் எழுந்த பூசலில் கூட்டணி அரசு கவிழ்ந்தது. கட்சிகள் கூடாத இடத்தில் அரசியல் சட்டத்தின் 48-ஆம் விதி நுழைந்தது. நெருக்கடி நேரத்தில் குடியரசுத் தலைவரே ஆணை பிறப்பிக்கலாம் என்கிற விதி அது. மருந்தாக வைக்கப்பட்டது அன்றாட உணவாயிற்று. 1932-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள் 5. அவசர ஆணைகளோ 60-க்குக் குறையாது. வேலையற்றோர் 60 லட்சம். 1928-இல் 12 இடங்களே பெற்ற நாஜிக் கட்சி 1930-இல் 107, 1932 ஜூலையில் 230 என வளர்ந்தது.

இங்கே ஒரு விந்தை. 1932 ஏப்ரலில் ஹிட்லரைத் தோற்கடித்து மீண்டும் தலைவரானவர் இதே ஹிண்டன்பர்க்தான். குடியரசைக் காக்க வேறு வழியின்றிச் சமூக ஜனநாயகக் கட்சியினரே அவருக்கு வாக்களித்தார்கள். அவ்வாண்டு நவம்பர்த் தேர்தலில் நாஜிகள் 196 இடங்களுக்கு இறங்கினார்கள். 20 லட்சம் வாக்குகள் குறைந்தன. அலை வடியத் தொடங்கிய அந்த நேரத்தில்தான் பாப்பன் முதலியோரின் பேச்சைக் கேட்டு, 1933 ஜனவரி 30-இல் ஹிட்லரைத் தலைமையமைச்சராக நியமித்தார். அமைச்சரவையில் ஹிட்லரைத் தவிர நாஜிகள் இருவரே. புலிக்குக் கடிவாளம் போட்டுவிட்டதாகப் பாப்பன் நம்பினார்! உள்துறையும் பிரஷ்யப் போலீசும் அந்த இருவரிடம் போனதை அவர் பொருட்படுத்தவில்லை.

பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே பேச்சுரிமை, எழுத்துரிமை, கூட்டம் கூடும் உரிமை ஆகியவற்றை நிறுத்திவைக்கும் ஆணை வந்தது. அதற்கும் 48-ஆம் விதிதான், அதே கையொப்பந்தான். அத்தனை அடக்குமுறைக்குப் பிறகும் மார்ச் 5 தேர்தலில் நாஜிகள் பெற்றது 43.9 விழுக்காடே. மார்ச் 23-இல் கம்யூனிஸ்ட் உறுப்பினர்களை உள்ளே விடாமல், 94-க்கு எதிராக 444 வாக்குகளால் சட்டமியற்றும் அதிகாரம் ஹிட்லர் அரசுக்கு அளிக்கப்பட்டது. எதிர்த்து வாக்களித்தவர்கள் சமூக ஜனநாயகக் கட்சியினர் மட்டுமே.

யூதர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கும் சட்டம் வந்தபோது, முன்னாள் போர்வீரர்களுக்காக மட்டும் முதியவர் கடிதம் எழுதினார். விலக்குக் கிடைத்தது. மற்றவர்களுக்காக அவர் எழுதவில்லை. இதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

1934 ஆகஸ்டு 2-இல் நாய்டெக் பண்ணையில் அவர் இறந்தார். அன்றே அவர் பதவியும் ஹிட்லரிடம் சேர்ந்தது. 1945-இல் ரஷ்யப் படை நெருங்கியபோது டானென்பர்க் நினைவிடத்திலிருந்து அவர் சவப்பெட்டியைப் பெயர்த்தெடுத்துச் சென்றார்கள். இப்போது அது மார்புர்க் நகரத் தேவாலயம் ஒன்றில் உள்ளது. 1933-இல் அவருக்கு அளித்த கௌரவக் குடிமகன் சிறப்பை 2020-இல் பெர்லின் நகரம் நீக்கிவிட்டது.