டர்பனில் இறங்கிய கஸ்தூரிபா

குழந்தைகளே, புது ஷூ கடித்து உங்கள் கால் புண்ணாகியிருக்கிறதா?

போர்பந்தரில் 1869-ல் பிறந்த கஸ்தூரிபா, 1896-ல் கணவர் காந்தியுடன் தென் ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார். கூடவே மகன்கள் ஹரிலால், மணிலால், நாத்தனார் மகன் கோகுல்தாஸ். எல்லாரும் ஷூ, காலுறை போட வேண்டும் என்பது காந்தியின் கட்டளை! பிள்ளைகளின் கால் புண்ணானது. காலுறை வியர்வையில் நாறியது.

பம்பாயில் பிளேக் என்று சொல்லி, டர்பனில் கப்பலை 3 வாரத்துக்கு மேல் நிறுத்திவிட்டார்கள். இந்தியரை இறங்கவிடக் கூடாது என்று வெள்ளையர் கொதித்தனர். 1897 ஜனவரி 13-ல் கஸ்தூரிபாவும் பிள்ளைகளும் வண்டியில் ருஸ்தம்ஜி என்ற நண்பர் வீட்டுக்குப் போனார்கள். பின்னால் நடந்து வந்த காந்தியோ கல்லடி பட்டு வந்தார். இரவில் ஒரு கூட்டம் அந்த வீட்டையே சூழ்ந்துகொண்டது. புது ஊரில், பிள்ளைகளோடு அந்தத் தாய்க்கு எப்படி இருந்திருக்கும்!

ராமதாஸும் தேவதாஸும் அங்கேதான் பிறந்தார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் காந்தியே பாடம் சொன்னார், நேரம் கிடைத்தபோது. ஹரிலாலுக்கு அது தீராத குறை. வாத்தியாரான எனக்கும்தான்.

1913-ல், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணம் செல்லாது என்று அங்கே தீர்ப்பு வந்தது. கஸ்தூரிபா மனைவியே இல்லையாம்! செப்டம்பரில் 16 பேர் தடையை மீறி எல்லை தாண்டிச் சிறை சென்றார்கள். அதில் 44 வயது கஸ்தூரிபாவும் உண்டு, 15 வயது ராமதாஸும் உண்டு. 3 மாதக் கடுங்காவல். டிசம்பரில் வெளியே வந்தபோது அம்மா எலும்பும் தோலுமாக இருந்தார்.